வேட்டுச் சத்தமும் திமிங்கலமும்: வாசகர் கேள்வி – பதில்

கடல் ஆய்வுக் கப்பலில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நான் இருந்த காலத்தைப் பற்றிப் போன இதழில் எழுதும்போது, "கடலடியில் மூன்று பெட்டிகளை இறக்கி வைத்து, அவற்றில் பதிவான சத்தத்தைக் கொண்டே திமிங்கலம் நின்ற இடத்தைச் சொன்னோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் நம் பக்கத்து ஊர்களிலிருந்து. கண்மாயும் பொட்டலுமாகக் கிடக்கிற சீமையில் திமிங்கலத்தைப் பற்றி இவ்வளவு பேர் கேட்பது எனக்குப் பெரிய சந்தோஷம். எனவே இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடமில்லை.

ஐயா, நான் பிளஸ் டூ படிக்கிறேன். திமிங்கலம் அவ்வளவு பெரிய உருவம். கப்பலில் நின்று பார்த்தாலே தெரியாதா? சத்தத்தை வைத்து இடத்தை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?
— மாணவி, தேவகோட்டை

உருவம் பெரியதுதான் அம்மா. ஆனால் அது பெரும்பாலான நேரம் நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. ஸ்பெர்ம் வேல் என்கிற பெருந்தலைத் திமிங்கலம் ஒரு முறை மூழ்கினால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் மேலே வரும். மூச்சு வாங்கப் பத்து நிமிடம் மிதக்கும். மறுபடி ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். ராத்திரியில் பார்க்க முடியாது, மழையில் முடியாது, அலை எழும்பினால் முடியாது. நான் கப்பல் மேல்தளத்தில் தொலைநோக்கியோடு பதினோரு நாள் நின்று, மூன்றே மூன்று முறை மூச்சுத் தூவலைப் பார்த்திருக்கிறேன். அதே பதினோரு நாளும் தண்ணீருக்குள் கிடந்த ஹைட்ரோபோனில், அதாவது நீருக்குள் கேட்கிற மைக்கில், அவற்றின் சத்தம் ஓயவே இல்லை.

வெளிச்சம் கடலுக்குள் இருநூறு மீட்டரைத் தாண்டினால் ஏறக்குறைய செத்துவிடும். சத்தமோ தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கு மேல். இதை 1826இல் ஜெனீவா ஏரியில் அளந்தார்கள். கொலாடன் என்பவர் இரண்டு படகுகளை வைத்து இதைச் செய்தார். ஒரு படகிலிருந்து தண்ணீருக்குள் தொங்கிய மணியை அடிக்கும் அதே கணத்தில் மேலே வெடிமருந்து பளிச்சென்று எரியும்படி நெம்புகோல் கட்டியிருந்தார்கள். பதின்மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு படகில் கொலாடன், ஒரு நீண்ட தகரக் குழாயைத் தண்ணீருக்குள் விட்டுக் காது வைத்திருந்தார். வெளிச்சத்துக்கும் மணியோசைக்கும் இடையே கழிந்த நேரத்தை எண்ணினார். நொடிக்கு 1435 மீட்டர் என்று வந்தது. குளிர்ந்த நன்னீருக்கு அது சரியான கணக்கு.

இப்போது இடம் கண்டுபிடிப்பதற்கு வருகிறேன். நம் ஊர்த் திருவிழாக்களில் அதிர்வேட்டுப் போடுவார்கள் அல்லவா? பள்ளத்தூரில் ஒருவர், கோட்டையூரில் ஒருவர், புதுவயலில் ஒருவர் என்று மூன்று பேரைக் கடிகாரத்தோடு உட்கார வைத்துவிடு. எங்கோ இருட்டில் ஒரு வேட்டு வெடிக்கிறது. எங்கே வெடித்தது, எப்போது வெடித்தது, இரண்டுமே நமக்குத் தெரியாது. பள்ளத்தூர்க்காரர் 9 மணி 10 நொடிக்குக் கேட்டதாக எழுதுகிறார். கோட்டையூர்க்காரர் 9 மணி 16 நொடி என்கிறார். ஆறு நொடி வித்தியாசம். காற்றில் சத்தம் நொடிக்கு 340 மீட்டர். ஆறால் பெருக்கினால் 2040 மீட்டர். அப்படியென்றால் வேட்டு வெடித்த இடம் கோட்டையூரைவிடப் பள்ளத்தூருக்கு இரண்டு கிலோமீட்டர் பக்கம். இந்த நிபந்தனைக்குப் பொருந்துகிற இடங்கள் ஒன்றிரண்டு அல்ல, எத்தனையோ உண்டு. அத்தனையையும் வரைபடத்தில் புள்ளி வைத்துச் சேர்த்தால் ஒரு வளைகோடு வரும். அதுதான் உன் கணக்குப் புத்தகத்தில் இருக்கிற அதிபரவளையம். பிறகு புதுவயல்காரரின் நேரத்தையும் பள்ளத்தூர்க்காரரின் நேரத்தையும் வைத்து இன்னொரு வளைகோடு போடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வேட்டுப் போட்டவர் நிற்கிறார்.

340ஐ எடுத்துவிட்டு 1500ஐப் போட்டால் அது திமிங்கலக் கணக்கு. அது எப்போது குரல் கொடுத்தது என்று நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை என்பதை நன்றாகக் கவனி. வித்தியாசம் மட்டும் போதும். ஆழமும் வேண்டுமென்றால் நான்காவது காது வேண்டும். அல்லது ஒரு தந்திரம் இருக்கிறது: திமிங்கலத்தின் சத்தம் நேராகவும் வரும், கடல் மேற்பரப்பில் பட்டுத் திரும்பியும் வரும். நேர்ச்சத்தத்துக்கும் அந்த எதிரொலிக்கும் உள்ள இடைவெளி ஆழத்தைச் சொல்லிவிடும்.

மூன்று பெட்டிகளும் ஒரே நேரத்தைக் காட்டினால்தானே அந்தக் கணக்கு வரும்? கடலுக்கு அடியில் கடிகாரத்தை யார் திருத்துவது? நாற்பது வருடமாகக் கடிகாரம் பழுது பார்க்கிறேன், அதனால் கேட்கிறேன்.
— வாசகர், காரைக்குடி

உங்கள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருக்கிறது ஐயா. வந்த கடிதங்களில் இந்த வேலையின் நரம்பைத் தொட்டது உங்கள் கேள்விதான்.

கடலுக்கு அடியில் யாரும் திருத்த முடியாது. செயற்கைக்கோளிலிருந்து வரும் நேரம் அங்கே எட்டாது, ரேடியோ அலையை உப்புத் தண்ணீர் விழுங்கிவிடும். கப்பல் தளத்தில் மூன்று பெட்டிகளையும் ஒரே நேரத்துக்கு வைத்து, மூடி, எடை கட்டி இறக்குவோம். தளத்தில் முப்பது டிகிரி சூடு. ஆழ்கடல் தரையில் இரண்டு மூன்று டிகிரிதான். பெட்டிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் குளிரில் ஓட்டத்தை மாற்றிக்கொள்ளும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பெட்டி ஒரு நொடி பிந்தினால் அந்தக் காது ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது என்று அர்த்தம். மூன்று பெட்டிகளும் அமைக்கிற முக்கோணத்துக்கு வெளியே, தூரத்தில் திமிங்கலம் இருந்தால் இந்தப் பிழை இன்னும் பல மடங்காகப் பெருகும்.

இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு பயணம் இன்றைக்கும் என் மனத்தில் நிற்கிறது. வங்கக்கடலில் நாற்பது நாள் கிடந்த மூன்று பெட்டிகளை மேலே எடுத்தோம். நேரத்தை ஒப்பிட்டுக் குறித்துக்கொண்ட பிறகே மின்கலத்தைக் கழற்ற வேண்டும் என்பது விதி. அந்த ராத்திரி கடல் கொந்தளிப்பு. ஒரு பெட்டியின் மின்கலத்தை நான் முதலில் கழற்றிவிட்டேன். அந்தப் பெட்டியின் கடிகாரம் எவ்வளவு பிந்தியிருந்தது என்று தெரியாமலே போயிற்று. நாற்பது நாள் பதிவில் மூன்றில் ஒரு காது கெட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

எங்கள் குழுத் தலைவர் கோபப்படவில்லை. "நம் கப்பல் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போன வழியும், எடுக்க வந்த வழியும் ஜிபிஎஸ்ஸில் இருக்கிறது. நம் என்ஜின் சத்தம் மூன்று பெட்டியிலும் பதிவாகியிருக்கும். அதைத் தேடு" என்றார். தேடினேன். முதல் நாள் என்ஜின் சத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எங்கள் கப்பல் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசி நாள் சத்தத்தை வைத்துப் போட்டால் கப்பல் கிலோமீட்டர் கணக்கில் விலகி, நாங்கள் போகவே போகாத இடத்தில் நின்றது. கப்பலை அதன் இடத்துக்குக் கொண்டுவர அந்தக் கடிகாரத்தை எவ்வளவு திருத்த வேண்டும் என்று பார்த்தால் இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியை நாற்பது நாளுக்கும் சீராகப் பங்கிட்டோம். திமிங்கலங்கள் தம் இடத்துக்கு வந்தன. மூன்று வாரம் ஆயிற்று அதற்கு. அன்றிலிருந்து எந்தப் பெட்டியைத் திறந்தாலும் என் கை முதலில் கடிகாரத்துக்குத்தான் போகும்.

எங்கள் ஆலையில் இயந்திரம் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. கடலில் அத்தனை கப்பல்கள் ஓடும்போது திமிங்கலத்தின் குரலைத் தனியாக எப்படிப் பிரிப்பீர்கள்?
— அரிசி ஆலை உரிமையாளர், புதுவயல்

காதால் பிரிப்பதைவிடக் கண்ணால் பிரிப்பது அதிகம். பதிவைக் கணினியில் படமாக மாற்றுவோம். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி, சத்தம் கூடக் கூட நிறம் அடர்த்தி. அதில் கப்பல் வந்தால் படம் முழுக்கத் தேய்த்துவிட்ட மாதிரி இருக்கும். பெருந்தலைத் திமிங்கலம் 'டக் டக்' என்று தட்டுவது மெல்லிய நெட்டுக்குத்துக் கோடுகளாக விழும். நீலத் திமிங்கலத்தின் குரல் படத்தின் அடியில் நீளமான கிடைக்கோடாகக் கிடக்கும். அதன் குரலில் பல பகுதிகள் இருபது ஹெர்ட்ஸை (நொடிக்கு இருபது அதிர்வு) ஒட்டி இருப்பதால் நம் காதுக்கு எட்டுவதே அரிது. பதிவைப் பத்து மடங்கு வேகமாக ஓட்டினால்தான் புறா முனகுவது போலக் கேட்கும்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பாட்டு உண்டு. இலங்கையைச் சுற்றி வாழும் நீலத் திமிங்கலங்களின் பாட்டை 1984இல் திருகோணமலைக்கு அப்பால் பதிவு செய்தார்கள். அது நூறு ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு நீண்ட, ஆடாத சுருதியில் போய் முடியும். ஒரு முறை படத்தில் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. 2018 கடைசியிலிருந்து லட்சத்தீவில் கவரத்தி அருகே கடலடியில் வைத்த பதிவுக் கருவிகளிலும் இதே பாட்டு கிடைத்தது. ஓமான் பக்கம் கேட்ட பாட்டு வேறு, 2020இல் அதை ஒரு தனிப் பாட்டாக அறிவித்தார்கள். ஆளைப் பார்க்காமலே, குரலை மட்டும் வைத்து இவர்கள் வேறு குடும்பம் என்று பிரித்துவிட்டார்கள்.

சரி, ஒரு குரல் முதல் பெட்டியில் எப்போது வந்தது, இரண்டாவதில் எப்போது வந்தது என்று பொருத்துவது எப்படி? இரண்டு கண்டாங்கிச் சேலைகளை ஒன்றின் மேல் ஒன்று விரித்து, கட்டத்தோடு கட்டம் சேரும்வரை நகர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி அதைத்தான் செய்கிறது, எவ்வளவு நகர்த்தினோமோ அதுதான் நேர வித்தியாசம். சிக்கலும் அங்கேயே இருக்கிறது. கட்டங்கள் சீராக இருந்தால் ஒரு கட்டம் தள்ளி வைத்தாலும் பொருந்திவிடும். சீராகத் தட்டுகிற திமிங்கலத்தில் இந்தத் தட்டல்தான் அந்தத் தட்டல் என்று தப்பாகச் சேர்த்துவிட்டால் இடம் எங்கோ போய்விடும். அதனால் நடுவில் திமிங்கலம் தாளம் பிசகுகிற இடம், நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கிற இடம் இவற்றைத்தான் தேடிப் பிடிப்போம். சேலையில் கறை விழுந்த இடத்தை வைத்துப் பொருத்துவது போல.

உங்கள் ஆலைச் சத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதியது என்னை வேறொன்றை நினைக்க வைத்தது. கப்பலின் விசிறி சுழலும்போது தண்ணீரில் குமிழிகள் பிறந்து நொறுங்கும். கடலில் நிரம்பிக் கிடக்கிற இரைச்சலில் பெரும்பங்கு அதுதான், அதுவும் பெரிய திமிங்கலங்கள் பேசுகிற அதே தாழ்ந்த சுருதியில். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாள் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கடலின் இரைச்சல் ஆறு டெசிபல் இறங்கியது. அந்த நாட்களில் சேகரித்த ரைட் திமிங்கலம் என்கிற இனத்தின் சாணத்தில் மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது என்று 2012இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆலையை நிறுத்திய பிறகு உங்கள் காதுக்குள் வரும் அமைதியை நீங்கள் அறிவீர்கள். அந்த விலங்குகளுக்கு அது கிடைத்தது சில நாள்தான்.

தொண்டிக் கடலில் ஒரு மைக்கை இறக்கினால் திமிங்கலம் கேட்குமா?
— வாசகர், தொண்டி

நீலத் திமிங்கலம் கேட்காது. பாக் நீரிணையில் ஆழம் பெரும்பாலும் பத்து மீட்டரை ஒட்டித்தான். இருபது ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை தண்ணீரில் 75 மீட்டர் நீளம். அவ்வளவு நீள அலை அந்த ஆழமில்லாத தண்ணீருக்குள் நுழைந்து பயணம் செய்ய முடியாது, தரைக்குள் போய் அடங்கிவிடும். நம் கடலின் வாசல் அந்தக் குரலுக்குக் குனிந்து வர முடியாத அளவு தாழ்ந்தது.

ஆனால் மைக்கை இறக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் கேட்பது எண்ணெயில் மாவு விட்டது போன்ற சடசடப்பாக இருக்கும். அது சொடுக்கு இறால். தன் பெரிய கொடுக்கை அத்தனை வேகமாக மூடும்போது ஒரு குமிழி பிறந்து நொறுங்கும், அந்த நொறுங்கல்தான் சத்தம். அதற்கு மேலே விசைப்படகு. கொடுப்பினை இருந்தால் ஆவுளியாவின் குரல். கடற்பசு என்று நாம் சொல்கிற அந்தப் பெரிய உடம்பிலிருந்து குருவிக் கீச்சு மாதிரி சத்தம் வரும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது, இந்தியாவிலேயே முதலாவது. அதன் குரல் உயர்ந்த சுருதி என்பதால் உங்கள் ஆழத்திலும் கேட்கும். ஆனால் அதிக தூரம் வராது, கிட்டத்தில் இருக்க வேண்டும்.

தெற்கே மன்னார் வளைகுடாவுக்குள் போகப் போகக் கடல் ஆழமாகிவிடும், அங்கே கதை வேறு. 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கியதை நீங்கள் பார்த்திருக்கலாம். ராத்திரி முழுக்க மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் இழுத்து விட்டார்கள், மறுபடி மறுபடி கரைக்கே வந்தன. அந்தச் செய்தியைப் படித்தபோது அங்கே ஒரே ஒரு ஹைட்ரோபோன் இருந்திருந்தால் என்ற நினைப்புதான் எனக்கு. அவை கரைக்கு வருவதற்கு முந்தைய நாள் என்ன பேசிக்கொண்டன என்பதாவது மிஞ்சியிருக்கும்.

எனக்கு எண்பத்து மூன்று வயது. எங்கள் அப்பச்சி ரங்கூனுக்குக் கொண்டு விக்கப் போய்த் திரும்புகையில், நடுக்கடலில் கப்பல் நின்ற ஒரு ராத்திரி அடித்தட்டில் யாரோ சுத்தியால் தட்டுவது போல வெகுநேரம் கேட்டதாகச் சொல்வார்கள். 'கடல் தச்சன்' என்பார்கள். நாங்கள் பேய்க்கதை என்று நினைத்தோம். அது திமிங்கலமா?
— ஆச்சி ஒருவர், கண்டனூர்

ஆச்சி, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எங்கள் ஐயாவும் அந்தக் கடலில்தான் போய் வந்தார்கள். ஒரு நாள்கூட இப்படி எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பாய்மரக் கப்பலில் திமிங்கல வேட்டைக்குப் போன வெள்ளைக்கார மாலுமிகள் இதே சத்தத்தைக் கப்பலின் பலகை வழியாகக் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் அதைத் 'தச்சன் மீன்' என்றே சொன்னார்கள். உங்கள் அப்பச்சி வாயில் அதே பெயர் வந்தது எனக்கு மயிர்க்கூச்செறிய வைத்தது. அது பெருந்தலைத் திமிங்கலத்தின் தட்டல் என்று விஞ்ஞானிகள் எழுதியது 1957இல்தான். அரை நொடியிலிருந்து ஒரு நொடிக்கு ஒரு தட்டு, அப்படியே அரை மணி நேரம்கூடப் போகும். இருட்டில் கணவாயைத் தேட அது அனுப்புகிற சத்தம் அது. விலங்குகள் எழுப்பும் சத்தங்களிலேயே இதைவிட உரத்ததை யாரும் அளந்ததில்லை.

நடந்தது அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன் ஆச்சி. நீராவிக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தால் என்ஜின் இரைச்சலில் எதுவும் கேட்டிருக்காது. கப்பல் நின்றிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் முக்கியம். இரும்புத் தகடு வெப்பம் குறைந்து முறிகிற சத்தமும் தட்டுவது போலத்தான் இருக்கும், ஆனால் அது தாறுமாறாக வரும், சீராக வராது. ஆகவே உங்களிடம் ஒரே கேள்வி: அப்பச்சி அந்தத் தட்டலை வாயால் செய்து காட்டியிருக்கிறார்களா? செய்து காட்டியிருந்தால் அது சீராக இருந்ததா, அவ்வப்போது நின்று நின்று வந்ததா? ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், நானே கண்டனூருக்கு வந்து கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் திமிங்கலம் எழுப்பும் ஒரு தட்டல் அதன் தலைக்குள்ளேயே முன்னும் பின்னும் மோதி, சில சிறு தட்டல்களாக வெளியே வரும். அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளியை அளந்தால் தலை எவ்வளவு நீளம் என்று தெரியும். தலை தெரிந்தால் உடம்பு தெரியும். சத்தத்தில் இடம் மட்டுமல்ல, ஆளின் அளவும் இருக்கிறது.

52 ஹெர்ட்ஸில் பாடும் உலகிலேயே தனிமையான திமிங்கலம் உண்மையா?
— கல்லூரி மாணவர், திருப்பத்தூர்

அந்தக் குரல் உண்மை. சோவியத் நீர்மூழ்கிகளைக் கண்காணிக்க அமெரிக்கக் கடற்படை கடலடியில் போட்டு வைத்த காதுகளில் 1989இல் அது முதலில் சிக்கியது. வட பசிபிக்கில் பன்னிரண்டு வருடம் பின்தொடர்ந்து 2004இல் கட்டுரை வெளியிட்டார்கள். தனிமை என்பது நாம் சேர்த்தது. 52 ஹெர்ட்ஸ் மற்ற திமிங்கலங்களுக்கும் நன்றாகக் கேட்கும் சுருதிதான்.

அந்தக் கடற்படைக் காதுகளைப் பற்றித்தான் நீங்கள் வியக்க வேண்டும். கடலில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில் சத்தம் மிக மெதுவாகப் போகிற ஒரு அடுக்கு இருக்கிறது. மேலே வெப்பம், கீழே அழுத்தம், இரண்டும் சத்தத்தின் வேகத்தைக் கூட்டுவதால் அந்த அடுக்கில் நுழைந்த சத்தம் மேலும் கீழும் வளைந்து வளைந்து அதற்குள்ளேயே ஓடும். 1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே வெடித்த வெடியை, ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம் கழித்து, பூமியின் மறுபக்கத்தில் பெர்முடாவில் கேட்டார்கள். பனிப்போர் முடிந்ததும் கடற்படை அந்தக் காதுகளைத் திமிங்கல ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. 1993இல் ஒரே ஒரு நீலத் திமிங்கலத்தை 43 நாள் அட்லாண்டிக் கடலில் விடாமல் பின்தொடர்ந்தார்கள். இந்தியப் பெருங்கடலிலும் அப்படித்தான்: அணுகுண்டுச் சோதனையைக் கண்டுபிடிக்க வைத்த ஹைட்ரோபோன்களின் பதிவிலிருந்து, சாகோஸ் தீவுகளை ஒட்டி ஒரு புதிய நீலத் திமிங்கலக் கூட்டம் இருப்பதாக 2021இல் எழுதினார்கள்.

கரையில் ஒதுங்கும் அம்பர் கட்டி கிடைத்தால் விற்கலாமா?
— பெயர் எழுதாத வாசகர்

கூடாது. அம்பர் என்பது பெருந்தலைத் திமிங்கலத்தின் குடலில் உருவாகிற பொருள், அதை விற்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் கொடுங்கள்.

சத்தமே போடாத திமிங்கலத்தை உங்கள் பெட்டிகள் என்ன செய்யும்?
— ஆசிரியை, குன்றக்குடி

ஒன்றும் செய்யாது அம்மா. நீலத் திமிங்கலத்திலும் கூன்முதுகுத் திமிங்கலத்திலும் நீண்ட பாட்டுப் பாடுவது ஆண்கள். கன்றோடு இருக்கிற தாய் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். சுறாவோ, ஓர்கா என்கிற கொலைகாரத் திமிங்கலமோ காது கொடுத்துவிடக் கூடாது என்ற பயம் அதற்கு. நமக்கு எது மிக முக்கியமோ அதுவே நம் பெட்டியில் விழாது. அதனால்தான் பதிவேட்டில் "திமிங்கலம் இல்லை" என்று எழுத எங்கள் குழுத் தலைவர் விட்டதில்லை. "குரல் கேட்கவில்லை" என்றுதான் எழுத வேண்டும். புதிதாக வந்த ஒரு தம்பி முதல் வார்த்தையை எழுதியதற்காக இருபது பக்கத்தைத் திரும்ப எழுத வைத்தார்.

ஆனால் கேட்கிற குரலைக் கொண்டே உயிர் காப்பாற்ற முடியும். அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் பாதையில் 2008இல் ஹைட்ரோபோன் கட்டிய மிதவைகளை வைத்தார்கள். உலகில் நானூறுக்கும் குறைவாக மிஞ்சியிருக்கிற வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலத்தின் குரல் ஒரு மிதவைக்குக் கேட்டால், அந்தப் பக்கம் வரும் கப்பலுக்குச் செய்தி போகும், கப்பல் வேகத்தைக் குறைக்கும். நம் பக்கத்தில் இலங்கையின் தென்முனையை ஒட்டிய கப்பல் பாதை நீலத் திமிங்கலங்கள் மேய்கிற இடத்தின் மேலேயே போகிறது. 2022இல் ஒரு பெரிய சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்ட ஆரம்பித்தது. மற்றவர்களும் தள்ளிப் போகலாம். ஒரு கப்பலுக்கு அது பெரிய தூரமில்லை.

பத்தாவது படிக்கும் என் மகன் இந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறான். என்ன படிக்க வைப்பது?
— தந்தை, பள்ளத்தூர்

இயற்பியலும் கணக்கும் விடாமல் படிக்கட்டும். கூடவே கணினி நிரல் எழுதப் பழகட்டும். கடலியல் படிப்பு அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது, தொண்டியில் கடல் அறிவியலுக்குத் தனி வளாகமும் உண்டு. பின்னால் சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. தென்கிழக்கு அரபிக்கடலில் பதிவான கூன்முதுகுத் திமிங்கலப் பாட்டைப் பற்றி அங்குள்ளவர்கள் 2015இல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கள். மூன்று கைப்பேசிகளை எடுத்துப் பதிவை ஓடவிட்டு, மூன்றையும் ஒன்றாக நெருக்கி வைத்து ஒரு முறை கை தட்டட்டும். அதுதான் மூன்று கடிகாரத்தையும் ஒன்றாக்கும் தட்டல். பிறகு பதிவை நிறுத்தாமல் அவற்றை மொட்டைமாடியின் மூன்று மூலைகளில் வைத்துவிட்டு, நீங்கள் எங்காவது நின்று, எங்கே என்று அவனுக்குச் சொல்லாமல், ஒரு முறை தட்டுங்கள். மூன்று பதிவிலும் அந்தத் தட்டல் விழுந்த நேரத்தைப் பார்த்து நீங்கள் நின்ற இடத்தை அவன் சொல்ல வேண்டும். அரை மீட்டருக்குள் வந்தால் நல்ல கை. அப்புறம் இதையே வீட்டுக்குள் வளவில் செய்து பார்க்கட்டும். நாலு பக்கச் சுவரும் தூணும் ஒரு தட்டலைப் பத்தாக்கித் திருப்பி அனுப்பும், எது நேர்ச்சத்தம் எது எதிரொலி என்று திணறிப் போவான். கடலுக்குள் நாங்கள் பட்ட பாடும் அதுவேதான். இரண்டு கணக்கையும், முதல் தட்டலின் நேரத்தையும் சேர்த்து, இதழின் முகவரிக்கு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.